கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

என் கணவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து மாதந்தோறும் கொண்டுவந்த சம்பளம் 70 ரூபாயைத் தாண்டாத அந்த ஆண்டுகளில், என் மாமியாரும் நாங்கள் இருவரும் நான்கு குழந்தைகளுமாக ஏழு பேர், திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலைக்கு அருகே, கிழக்கில் சிறுமலைத் தொடர் நீலச் சுவர்போல் எழுந்து நிற்கும் ஒரு கிராமத்தில், கடன் கேட்டு ஒருவர் வாசலிலும் நில்லாமல் ஜீவனம் நடத்தினோம். அது எவ்வாறு சாத்தியமாயிற்று என்று, புதிதாகக் குடித்தனம் தொடங்கியுள்ள இளம் பெண்கள் சிலர் என்னை வினவுவதுண்டு. முருங்கையைப் பற்றியும் பசுவைப் பற்றியும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் அவர்களுக்குத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆயினும், சிக்கனமாக வாழும் வீட்டில் குழந்தைகளின் மனத்துக்குள் என்ன நேர்கிறது என்பதை மிகத் தாமதமாகவும் மிகுந்த வேதனையோடும் அறிந்துகொண்டவள் நான் ஆதலால், அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி உண்மையைச் சொன்னவளாவேன்.

மதுரை நகரத்தில் வாடகை வீட்டில் பிறந்து வளர்ந்து, குழாய் நீரும் கடைச் சாமானுமாக இருந்த வாழ்க்கையைத் தவிர வேறொன்றும் அறியாதிருந்த எனக்கு, எட்டு சென்ட் கொல்லையும், அதில் ஒரு கிணறும், ஊருக்கு வெளியே அரை ஏக்கர் மானாவாரிப் புஞ்சையும், ஒரு பசுவுமே சொத்தாக இருந்த இந்த வீட்டின் முறைகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தவர் என் மாமியார். எழுத்து வாசனை இல்லாத அவர், ஒரு குடம் நீரை எத்தனை காரியத்துக்கு உபயோகிக்கலாம் என்பதில் ஒரு சாஸ்திரமே வைத்திருந்தார். அரிசி களைந்த முதல் நீர் கழுநீர்ப் பானைக்குப் போய், காய்கறித் தோலோடும் தவிட்டோடும் சேர்ந்து பசுவின் வயிற்றை அடையும். இரண்டாவது நீர் குழம்புக்குப் புளி கரைக்க உதவும். குளித்த நீர் மண் வாய்க்கால் வழியே கொல்லையின் கோடியிலிருந்த வாழை மரங்களுக்கும், பாத்திரம் துலக்கிய நீர் சேம்புக்கும் செல்லும். தலைக்குச் சீயக்காயும் அரப்பும், பாத்திரத்துக்குச் சாம்பலும் புளிச் சக்கையும் என்றிருந்தமையால் அந்த நீர் எந்தச் செடிக்கும் கேடு விளைவித்ததில்லை. துணி துவைத்த சவுக்கார நீரை மட்டும் செடிகளின் பக்கம் விடாமல் வேலி ஓரமாகத் தள்ளிவிடுவோம். இதே முறையைப் பின்பற்ற விரும்புகிறவர்கள் இந்த ஒன்றை மறக்கலாகாது.

இரண்டாவது மகனுக்கு ஏழு வயதானபோது அந்த வாய்க்காலை அவன் பொறுப்பில் விட்டோம். குழந்தைகளுக்கு வேலை கொடுப்பதென்றால் பலரும் ஒரு சிறு செம்பையும் சிறு துடைப்பத்தையும் கையில் கொடுத்து, அவர்கள் செய்ததைப் பிற்பாடு தாங்கள் ஒரு முறை செய்து முடிப்பார்கள். அது விளையாட்டேயன்றி வேலையாகாது என்பதைக் குழந்தை ஒரே நாளில் கண்டுகொள்ளும். மகாத்மா காந்தியின் யோசனையில் 1937ஆம் ஆண்டு வார்தாவில் உருவெடுத்த ஆதாரக் கல்வியில் என் கணவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. எங்களுக்குப் பக்கத்திலேயே டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் கோ. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் வளர்ந்துகொண்டிருந்தமையால், அந்த முறையைப் பிரத்தியட்சமாகக் காணும் பாக்கியமும் கிடைத்தது. கையால் செய்யும் தொழில் மெய்யான தொழிலாக, அதன் விளைபொருள் யாருக்கேனும் உபயோகப்படுவதாக இருந்தால்தான் அதன்வழியே அறிவு வளரும் என்பது என் கணவரின் சித்தாந்தம். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு குழந்தை தன் வேலையைச் செய்யத் தவறினால், அதன் பலன் வீட்டுக்குத் தெரியும்படி விட்டுவிடுவோம். மூத்தவள் உமிக்கரி இடித்து வைக்க மறந்த காலையில் ஏழு பேரும் வேப்பங்குச்சியைத் தேடிக்கொண்டு போனோம். அவளை ஒருவரும் ஏசவில்லை. மறுமுறை அவள் மறக்கவுமில்லை.

ஆனால் இந்த முறையிலும் கண் திறந்திருக்க வேண்டும். ஒரு சித்திரை மாதத்தில் வாய்க்காலின் நடுவே பெருச்சாளி வளை தோண்டிவிட, விட்ட நீரெல்லாம் அதற்குள் இறங்கி, வாழை பத்து நாள் நீரின்றி நின்றது. துவைக்கல்லின்மேல் நின்றபடியே, "வாழை நல்லாத்தாம்மா இருக்கு" என்று பையன் தினமும் சொல்லிவந்தான். நான் ஒரு நாள் போய்ப் பார்த்தபோது இலைகள் மடிந்து தண்டோடு தொங்கின. சோம்பேறி என்றும், போய்ப் பார்க்காமலே பொய் சொல்லுகிறவன் என்றும் அவனை நான் கடிந்துகொண்டேன். அவன் தலை குனிந்து நின்றான். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனத்தின் பொருள் எனக்கு விளங்க மேலும் ஓர் ஆண்டு ஆயிற்று.

கொல்லையில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பயிர் உண்டு. முருங்கையைப் போத்து வெட்டி நட்டு, வெட்டிய நுனியில் சாணியை அப்பி வைப்பது மூத்தவள் வேலை. ஆடியில் விதைத்த அவரையும் புடலும் பந்தலேறியதும், பிஞ்சுப் புடலங்காயின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அதைச் சுருளாமல் நேராக வளரச் செய்வதில் மூத்த மகனுக்கு அளவற்ற பிரியம். எந்தக் காய்க்கு எவ்வளவு கனமான கல் என்பதை அவனாகவே பரீட்சித்து அறிந்திருந்தான். கடைசிப் பெண்ணுக்குப் பரங்கி. ஐந்து வயதில் அவள் பரங்கிக் கொடியில் பூத்த பூக்களை எண்ணி, அத்தனையும் காயாகுமென்று நம்பியிருந்து, பெரும்பாலானவை உதிர்ந்துபோகக் கண்டு அழுதபோது, அவள் தகப்பனார் அவளைக் கொடியருகே அமர்த்தி, நீண்ட காம்போடு நிற்பது ஆண் பூ என்றும், அடியில் சிறு குமிழோடு நிற்பது பெண் பூ என்றும் காட்டினார். அன்றிலிருந்து ஆண் பூக்களைப் பறித்து அப்பத்தாவிடம் கூட்டுக்குக் கொடுக்கும் உரிமையும், தேவையான அளவு கொடியில் விட்டுவைக்கும் பொறுப்பும் அவளுடையவையாயின.

விதைகளை விலைக்கு வாங்கியதே இல்லை. பரங்கி, சுரை விதைகளை ஈரச் சாணியில் பதித்து வறட்டியாகச் சுவரில் தட்டிவிட்டால், அடுத்த பட்டம் வரையில் பூச்சி அண்டாது. துவரைக்குச் செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைக்க வேண்டும். தானியக் குதிருக்குள் நொச்சித் தழையும் காய்ந்த வேப்பிலையும் அடுக்கடுக்காகப் போடுவோம். முற்றிய பீர்க்கங்காயின் கூடு குளிக்கும்போது தேய்த்துக்கொள்ள உதவும். இவற்றையெல்லாம் மாமியார் செய்யும்போது குழந்தைகள் சுற்றி அமர்ந்து பார்த்தார்களே தவிர, யாரும் அவர்களுக்குப் பாடமாக நடத்தவில்லை. பின்னாளில் நால்வரும் நாலு திசையில் வேலைக்குப் போனார்கள். அவர்களில் மூவர் வீட்டுச் சுவரில் இன்றும் விதை வறட்டி இருக்கிறது.

உணவைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், சிக்கனம் என்ற பெயரால் தாய்மார் செய்யும் பெருந்தவறு அடுப்பங்கரையில்தான் நிகழ்கிறது. புஞ்சையில் விளைந்தது கம்பும் சோளமும், ஊடுபயிராகத் துவரையும் மொச்சையுமே. நெல் விலைக்கு வாங்கியாக வேண்டும். அக்காலத்தில் அரிசிச் சோறு உண்பது கௌரவமாகவும் கம்பங்கூழ் குடிப்பது இழிவாகவும் கருதப்பட்டமையால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெள்ளைச் சோறு உண்பதைக் கண்ட என் குழந்தைகள் கூழை ஒதுக்க ஆரம்பித்தார்கள். குன்னூர் ஆராய்ச்சிச் சாலையில் மெக்காரிசன் என்னும் பிரிட்டிஷ் வைத்தியர் எலிகளுக்கு இந்தியாவின் பல பிராந்திய உணவுகளைத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்து, ஆலையில் தீட்டிய அரிசியை நம்பி வாழ்ந்த எலிகள் நோஞ்சான்களாகவும், முழுக் கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் கீரையும் உண்டவை திடகாத்திரமாகவும் இருக்கக் கண்ட வரலாற்றை என் கணவர் ஒரு கதையாக அவர்களுக்குச் சொன்னார். தஞ்சாவூரில் பிறந்து, கிராமக் கைத்தொழில்களுக்காகவே வாழ்ந்த ஜே. சி. குமரப்பா, அரிசி ஆலைகளை ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்த்தார் என்பதையும் விளக்கினார். எலிக் கதை குழந்தைகளைக் கவர்ந்தது. ஆனால் கூழைக் குடிக்க வைத்தது அந்தக் கதை அன்று. கம்பை இடித்து, புடைத்து, முதல் நாள் மாலையே காய்ச்சிப் புளிக்கவைத்து, மறுநாள் மோரும் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் சேர்த்து, நானும் என் கணவரும் அவர்களோடு அதே கலயத்திலிருந்து ஊற்றிக் குடித்தோம். பெரியவர்கள் சோறும் சிறியவர்கள் கூழும் உண்ணும் வீட்டில் எந்த ஆராய்ச்சியும் பலிக்காது.

நெல்லை ஆலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே அவித்து உரலில் குத்தினோம். தவிடு பசுவுக்கு, உமி அடுப்புக்கும் பற்பொடிக்கும், நொய் கஞ்சிக்கு என்று ஒன்றும் வியர்த்தமாகவில்லை. பள்ளி விட்டு வந்ததும் தின்பதற்குப் பொரிவிளங்காய் உருண்டையோ, அவித்த மொச்சையோ, மார்கழி தை மாதங்களில் பனங்கிழங்கோ இருக்கும். பசு கறந்த பாலில் ஒரு பகுதியை விற்றுத்தான் பிண்ணாக்கு வாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் நான்கு குழந்தைகளுக்கும் உரிய பாலை முதலில் அளந்து தனியே வைத்துவிட்டு, மிஞ்சியதையே வாடிக்கைக்காரருக்கு ஊற்றுவது என்ற விதியை மாமியார் ஒரு நாளும் தளர்த்தியதில்லை. விலை ஏறும் கோடையில் எனக்குச் சபலம் தட்டியதுண்டு. "பிள்ளை வாயிலிருந்து எடுத்து முடிஞ்ச காசு முந்தானையில நிக்காது தாயீ" என்பார் அவர். மருந்துக்கும், அம்மைப் பால் வைப்பதற்கும், பாடப் புத்தகத்துக்கும், வந்த விருந்தினர் இலைக்கும் கணக்குப் பார்க்கக் கூடாது என்பதையும் அவரிடமே கற்றேன்.

துணி விஷயம் சுருக்கமானது. என் சேலை நைந்தால் மகளுக்குப் பாவாடை, அது நைந்தால் தலையணை உறை, பிறகு கரித்துணி, இறுதியில் விளக்குத் திரி. மாலை வேளைகளில் பெரியவர்கள் ராட்டையிலும் சிறியவர்கள் தக்ளியிலும் நூற்று, 840 கஜம் கொண்ட சிட்டங்களாகச் சுற்றிக் கதர்க் கடையில் கொடுத்து அதற்கீடாகத் துணி வாங்கினோம். தீபாவளிக்கு மட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு புதுத் துணி, அதுவும் அவரவர் விரும்பிய நிறத்தில்; கருஞ்சிவப்பே அழுக்குத் தாங்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தும், கடைசிப் பெண் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெள்ளை கேட்டு வெள்ளையே உடுத்தினாள். வருஷம் முழுவதும் கட்டுப்பாட்டோடு வாழும் குழந்தைக்கு, யாரும் திருத்தாத ஒரு விருப்பம் இருந்தாக வேண்டும்.

இவ்வளவும் செய்து, எல்லாம் கிரமமாக நடக்கிறது என்று நான் மனநிறைவோடு இருந்த காலத்தில்தான் அந்த இரவு வந்தது. 1956ஆம் ஆண்டுக் கோடை. வேனிற்காலத்தில் சிறுமலையின் சரிவுகளில் காட்டுத் தீ பற்றினால், பகலில் வெறும் புகையாகத் தெரிவது இரவில் செம்மணி மாலையைக் கிடத்தினாற்போல் மலை நெடுகிலும் ஒளிரும். ஊரே வாசலில் நின்று அதைப் பார்க்கும். நாங்களும் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். மூத்தவள் விரல் நீட்டிக் காட்ட, மூத்தவன் அது எந்தப் பாறையருகே திரும்புகிறது என்று சொல்ல, கடைசிப் பெண் கை கொட்டி ஆர்ப்பரிக்க, இரண்டாமவன் மட்டும் எல்லோருக்கும் பின்னால் நின்று, மற்றவர்கள் ஆச்சரியப்படும்போது தானும் ஆச்சரியப்பட்டான். எல்லோரும் ஓய்ந்த பிறகு அவன் என் காதருகே வந்து, "எங்கேம்மா தீ? எனக்கு ஒரே செவப்பா மங்கலாத்தான் இருக்கு" என்றான்.

அவனை மடியில் அமர்த்திக் கேட்டேன். இரண்டு வருஷமாகவே தூரத்திலிருப்பது தெரியவில்லை. வகுப்பில் கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனின் பலகையைப் பார்த்து எழுதிவந்தான். துவைக்கல்லிலிருந்து பார்த்தால் கொல்லைக் கோடி வாழை வெறும் பச்சையாகத்தான் தெரிந்திருக்கிறது. இலை நிமிர்ந்திருக்கிறதா மடிந்திருக்கிறதா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பொய்யன் என்று நான் ஏசியபோதும் அவன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, ஒன்பது வயதுக் குழந்தை சொன்ன விடை இன்றும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது: "கண்ணாடி இருபது ரூபாயாம்மா. நீயே பல்லு வலிக்கு டாக்டர்கிட்டப் போகலையே."

அது உண்மை. அந்த ஆண்டு முழுவதும் ஒரு கடைவாய்ப் பல் என்னை வாட்டியது. கிராம்பை அடக்கிக்கொண்டு, ஒரு பக்கமாக மென்று, வலியை வெளியில் காட்டாமல் இருப்பதைத் தியாகம் என்று நான் எண்ணியிருந்தேன். குழந்தைகள் ஏதேனும் கேட்டால் "காசில்லை" என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவேன்; எவ்வளவு இருக்கிறது, எதற்குப் போகிறது என்று சொன்னதில்லை, அவர்களுக்கு எதற்கு அந்தக் கவலை என்றே நினைத்தேன். கணக்குத் தெரியாத குழந்தை கவலையற்று இருக்கும் என்பது பெரிய மயக்கம். தெரியாத இருட்டில் அது எல்லாவற்றையும் பெரிதாகக் கற்பனை செய்கிறது. வீடு விளிம்பில் நிற்பதாகவும், தான் ஒன்று கேட்டால் அது கவிழ்ந்துவிடும் என்றும் அஞ்சுகிறது. உண்மையில், தபாலாபீசுச் சேமிப்புப் புத்தகத்தில் அப்போது எங்களுக்கு 112 ரூபாய் இருந்தது. இப்படிப்பட்ட தேவைக்கென்றே பால் காசில் மிச்சம் பிடித்துச் சேர்த்தது. அதை அவன் அறிந்திருந்தால் இரண்டு வருஷம் இருட்டில் இருந்திருக்க மாட்டான். என் வாயடக்கத்தைத்தான் அவன் கற்றுக்கொண்டான். நூற்பையும் விதையையும் கற்றுக்கொண்டதைவிடத் திறமையாகக் கற்றுக்கொண்டான்.

மறுநாளே அவனைத் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனோம். கண்ணாடி 18 ரூபாய். என் பல்லையும் அதே பயணத்தில், அவன் முன்னிலையிலேயே, பிடுங்கிக்கொண்டேன். நான்கு நாள் கழித்துக் கண்ணாடி கைக்கு வந்து, அதை அணிந்துகொண்டு பஸ்ஸில் திரும்பும்போது அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைப் பலகைகளையும், மைல் கற்களையும், புளியமரங்களில் எழுதிய இலக்கங்களையும் ஒன்று விடாமல் உரக்கப் படித்துக்கொண்டே வந்தான். பஸ்ஸிலிருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார். வீடு வந்ததும் அவன் நேரே கொல்லைக்குப் போய்த் துவைக்கல்லின்மேல் ஏறி நின்று வாழையைப் பார்த்தான்.

அந்த மாதக் கடைசியிலிருந்துதான் கணக்கு நோட்டு தொடங்கிற்று. எங்கள் வீட்டில் இராப் படிப்புக்கு ஒரே அரிக்கேன் விளக்கு. அதைச் சுற்றிப் பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து படிப்பார்கள். மாதத்தின் கடைசி நாள் இரவில் புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டு, சம்பளம், பால் காசு, நூல் வரவு ஆகியவற்றை ஒரு பக்கத்திலும், செலவை மறுபக்கத்திலும் மூத்தவள் எழுத, என் கணவர் உரக்கப் படிப்பார். எத்தனை ரூபாய் மிச்சம், அது எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பதெல்லாம் ஏழு வயதுப் பெண் வரை எல்லோருக்கும் தெரியும். இதனால் பிள்ளைகள் ஊரெல்லாம் போய்ச் சொல்லிவிடுவார்கள் என்று உறவினர் எச்சரித்தார்கள். ஒரு குழந்தையும் சொல்லவில்லை. நம்பி ஒப்படைத்த ஒன்றைக் காப்பதில் குழந்தைகளுக்குள்ள சிரத்தை பெரியவர்களிடம் காண்பது அரிது. "நாம ஏழைங்களாம்மா?" என்று முன்பு அடிக்கடி கேட்டுவந்த மூத்த மகன், நோட்டுத் தொடங்கிய பிறகு அதைக் கேட்டதாக நினைவில்லை; பதிலாக, எண்ணெய்ச் செலவு ஏன் இந்த மாதம் கூடிற்று என்று கேட்டான்.

கணக்குத் தெரிந்த குழந்தை கடைக்குப் போகும் விதமே வேறு. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தபோது, அணாக் கணக்கிலேயே ஊறியிருந்த என் போன்றவர்கள் திணறிப்போனோம். ஒரு ரூபாய்க்கு 16 அணா, 100 நயா பைசா என்றால் ஓர் அணாவுக்கு ஆறேகால். அந்தக் கால் பைசா யாருடையது என்பதில்தான் தகராறு. கடைக்காரர் ஓரணாப் பெருங்காயத்துக்கு ஏழு கேட்டாராம். பன்னிரண்டு வயதான மூத்தவள் அங்கேயே நின்று, "ஏழு ஏழா நாலு தடவை வாங்கினா இருபத்தெட்டு ஆயிருது அண்ணாச்சி, நாலணாவுக்கு இருபத்தஞ்சுதானே?" என்று கேட்க, அவர் யோசித்துவிட்டு ஆறே போதும் என்றாராம். அன்றிரவு அவள் எங்களுக்கு ஒரு யோசனையும் சொன்னாள்: சில்லறைச் சாமான்களை ஓரணா ஓரணாவாக வாங்காமல் நாலணாவுக்குச் சேர்த்து வாங்கினால் பின்னமே வராது. அதன்படியே செய்தோம்.

நோட்டின் கடைசிப் பக்கம் வேறு காரியத்துக்கு ஒதுக்கப்பட்டது. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியது எதுவோ அதை அங்கே எழுத வேண்டும். எழுதியதைக் கண்டு ஒருவரும் சிரிக்கலாகாது. அதன் விலையை எழுதியவரே விசாரித்து வந்து பக்கத்தில் குறிக்க வேண்டும். வைத்தியச் செலவு எதுவாயினும் முதலிடம், மற்றவை மிச்சத்துக்கு ஏற்ப முறை வைத்து. கிடைத்ததும் எழுதியவரே அந்த வரியை அடிக்க வேண்டும். மூத்தவன் கால்பந்து என்று எழுதினான். விலையைத் தானே விசாரித்து வந்து, அது நிறைவேறும் வரையில் ஏழு மாதம் பொறுத்திருந்தான். அப்பத்தா தம் பெயருக்கு நேரே பழனி யாத்திரை என்று பேத்தியை விட்டு எழுதச் செய்தார்; தைப்பூசத்துக்கு அழைத்துச் சென்றோம். மூத்தவளுக்குக் கதைப் புத்தகங்களின்மேல் ஆசை; ஆனால் 1948இல் நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்த பிறகு அங்கங்கே கிளை நூலகங்கள் திறக்கப்பட்டுவந்தமையால், இரண்டு மைல் நடந்தால் கிடைப்பதை எதற்கு வாங்குவது என்று அவளே அந்த வரியை அடித்துவிட்டு, நடப்பதற்கு ஒரு குடை என்று மாற்றி எழுதினாள்.

முதல் மூன்று மாதம் என் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டேன். எனக்கு என்ன வேண்டியிருக்கிறது, பிள்ளைகளுக்குக் கிடைத்தால் போதாதா என்ற பழைய எண்ணம்தான். நான்காம் மாதம் கண்ணாடிப் பையன் பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்துவிட்டு, "அம்மா எழுதாட்டி நானும் எழுத மாட்டேன்" என்று உட்கார்ந்துகொண்டான். மற்ற மூவரும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சிறு முகங்களில் அப்போது தெரிந்த உறுதி கண்டு நான் அஞ்சினேன் என்றே சொல்லலாம். என்ன எழுதுவதென்று வெகு நேரம் எனக்குத் தோன்றவில்லை. என் ஆசைகளை நானே மறந்திருந்தேன். கடைசியில், கல்யாணத்துக்கு முன் மதுரையில் வாரந்தவறாமல் படித்துவந்த பத்திரிகையை நினைத்து, வாரப் பத்திரிகை ஒன்று என்று எழுதினேன். அடுத்த வாரமே அது வந்தது. பிள்ளைகள் முறை வைத்து அதன் தொடர்கதையை விளக்கடியில் எனக்கு வாசித்துக் காட்ட, நான் ராட்டை சுற்றிக்கொண்டே கேட்டேன். தாய் தன் தேவையை மறைக்கிற வீட்டில் குழந்தை தன் தேவையை வாய்விட்டுச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது வீண். இளம் தாய்மார் என்னிடம் வேறெதைக் கேட்டு மறந்தாலும் இதை மட்டும் மறக்கலாகாது என்று அவர்கள் கையைப் பற்றிக் கேட்டுக்கொள்வேன்.

பிறகு ஒரு வருஷம், ஆடியில் விதைத்தது ஆவணியில் கருகி, புரட்டாசியிலும் வானம் வெளுத்தே கிடந்து, கிணற்றில் வாளி தரை தட்டும் ஓசை கேட்கலாயிற்று. வாழையை வெட்டிப் பசுவுக்குப் போட்டோம். கூழ் நீர்க்க ஆரம்பித்தது. அந்த மாதக் கடைசியில் கணக்குப் படித்து முடிந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினோம். எல்லோரும் ஏதும் வேண்டாமென்று பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்களோ என்று நான் மனத்துக்குள் பயந்துகொண்டிருந்தேன். மூத்தவள் பேனா முள் என்று எழுதினாள்; மூத்தவன் ஒரு பம்பரம் என்று எழுதி, விலையைப் பழக்கத்தில் ஒன்றரை அணா என்று குறித்து, பிறகு அந்த அணாக் கணக்கை அடித்தான்; கண்ணாடிப் பையன், கண்ணாடியின் காது வளைவு தளர்ந்திருப்பதாகவும் அதைச் சரி செய்ய வேண்டுமென்றும் கூச்சமின்றி எழுதினான். கடைசிப் பெண் வெகு நேரம் நோட்டை மறைத்துக்கொண்டு எழுதி, தகப்பனாரிடம் நீட்டினாள். கோணல் எழுத்தில் 'மழை' என்றிருந்தது.

விதிப்படி ஒருவரும் சிரிக்கவில்லை. என் கணவர் அதற்கு வரிசை எண் கொடுத்து, விலை எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு, நோட்டை மூடினார்.

ஐப்பசி பிறந்து சில நாள் கழித்து, நள்ளிரவில், சிறுமலைப் பக்கமிருந்து இடி இறங்கி வந்தது. ஓட்டில் விழுந்த முதல் துளிகளின் ஓசைக்கே அப்பத்தா எழுந்து அண்டாக்களைத் தாழ்வாரத்தில் இழுத்து வைக்கத் தொடங்கினார். நானும் எழுந்து விளக்கைத் தூண்டினேன். கடைசிப் பெண் தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்று, "நோட்டு எங்கேம்மா?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். தரையில் மண்டியிட்டு, நாக்கை நுனிப்பல்லில் கடித்துக்கொண்டு, அந்த ஒரு வரியை இரண்டு முறை அடித்துவிட்டு, பேனாவை என் கையில் கொடுத்துத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.